கண் இருந்த இடம்

அடுத்தவர் கண்ணைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற வேலை லொரேன் பியர்சாலுடையது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். கார் ஓட்டுகிறவரின் முகத்தைப் படம்பிடித்து அனுப்புவார்கள். அந்தப் படத்தை வினாடிக்குப் பத்துத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் கண் எங்கே இருந்தது என்று பொத்தானை அமுக்க வேண்டும். சாலை என்றால் ஒன்று, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடி என்றால் இரண்டு, மடி என்றால் மூன்று. மடியில் என்ன இருக்கும்? கைப்பேசிதான் இருக்கும். பத்தொன்பது வருடமாக இதையே செய்து, டெட்ராய்ட்டுக்கு மேற்கே கார் ஓட்டுகிற பாதிப் பேரின் மடியை அவள் பார்த்தாயிற்று.

ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குறிப்பார்கள். இரண்டு பேர் குறிப்பும் ஒத்துப்போனால்தான் செல்லும். லொரேனுக்கு எதிர்ப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவன் டெஸ்மண்ட். முப்பது வயது, வாய் கொஞ்சம் நீளம், வேலையில் சுத்தம்.

அன்று தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய். டெஸ்மண்ட் ஹாம்ட்ராமிக் ஊரின் போலந்துக் கடை வாசலில் குளிரில் வரிசை நின்று ஒரு பெட்டி பூஞ்ச்கி வாங்கி வந்திருந்தான். ஜாம் அடைத்த அந்த உருண்டையை அன்றைக்குத் தின்னாவிட்டால் அங்கே யாருக்கும் பொழுது போகாது. பெட்டியைத் திறப்பதற்குள் ஆய்வகத் தலைவி மாரிபெத் வந்து நின்றாள்.

"முதல்ல இதை முடிங்க. தனித்தனியா. ஒருத்தருக்கொருத்தர் பேசக்கூடாது."

"நாங்க எங்க பேசறோம்? இவங்க எனக்குக் காலை வணக்கம் சொல்லியே ரெண்டு வருஷம் ஆச்சு," என்றான் டெஸ்மண்ட்.

"நீ காலைல வந்தாத்தானே காலை வணக்கம் சொல்ல?" என்றாள் லொரேன்.

மாரிபெத் சிரிக்கவில்லை. "முப்பத்தொண்ணு," என்றாள். "அந்த விபத்து."

லொரேன் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

கார் ஓட்டுகிறவர்களை ஆய்வகத்தில் எண்ணால்தான் சொல்வார்கள். பெயர் தெரிந்தாலும் சொல்லக்கூடாது, ஊரில் எதிரே வந்தாலும் பேசக்கூடாது. முப்பத்தொன்றின் பெயர் ராய்ஸ் டில்மன். கியர் ஆலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து நான்கு. புது மாதிரிக் கார் ஒன்றை ஆறு வாரம் ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டவர். அந்தக் காரில் முன்கண்ணாடியே திரை. போக வேண்டிய வழியை நீல அம்பாகச் சாலை மேலேயே விரித்துக் காட்டும். குறுக்கே ஆளோ மானோ வந்தால் சுற்றி மஞ்சள் பெட்டி போட்டுக் காட்டும். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்பதுதான் அதன் விளம்பரம்.

ஐந்து வாரமாக லொரேன் அவர் முகத்தை வாரத்துக்கு நாற்பது மணி நேரம் பார்த்திருந்தாள். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காகிதக் குவளையில் துப்புவார். வானொலியில் கூடைப்பந்து ஆட்டம் கேட்டுக்கொண்டே நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். பக்கத்தில் மனைவி இருந்தால் பாடுவார். ஒரு பாட்டும் சுருதியில் நிற்காது. இருபது வருடம் கூட வாழ்ந்து விட்டுப் போன தன் புருஷனின் முகம்கூட லொரேனுக்கு இவ்வளவு மனப்பாடம் இல்லை. அவருக்கு இவள் என்று ஒருத்தி இருப்பதே தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம், பிப்ரவரி கடைசியில், காலை பத்தே முக்கால் மணிக்கு, மைலன் ஊருக்குத் தெற்கே உள்ள சாலையில் குழி அடைக்கிற ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 'நில்' பலகையைப் பிடித்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தவள் ஷெல்பி என்கிற இருபத்து மூன்று வயதுப் பெண். முப்பத்தொன்றின் கார் அவளை மோதித் தூக்கி எறிந்தது. பிரேக்கைத் தொட்ட தடயமே இல்லை. பெண்ணின் உயிர் அங்கேயே போய்விட்டது.

மோதலுக்கு முந்தின பதினாறு வினாடி. நூற்று அறுபது துண்டு. லொரேன் குறித்து முடித்தாள். டெஸ்மண்டும் முடித்தான். ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேரும் நூற்று அறுபதுக்கும் ஒன்றையே அமுக்கியிருந்தார்கள். சாலை, சாலை, சாலை.

"போன் இல்ல," என்றான் டெஸ்மண்ட் மெதுவாக.

"இல்ல."

"தூக்கமும் இல்ல. கண்ணு தெறிச்ச மாதிரி திறந்திருக்கு. பார்த்துக்கிட்டேதான் போயிருக்காரு, லொரேன். அப்புறம் ஏன் நிறுத்தல?"

லொரேன் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். பூஞ்ச்கிப் பெட்டியை அன்று யாரும் திறக்கவில்லை.

படத்தைப் போலீசுக்குக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரே ராய்ஸ்தான். கைப்பேசி பார்த்துக்கொண்டு வந்து பெண்ணைக் கொன்றான் என்று ஊரெல்லாம் பேசினார்கள். நான் போனைத் தொடவே இல்லை, என் கண்ணைப் பாருங்கள், தெரியும் என்று அவர் சொன்னார். பார்த்துச் சொன்னார்கள். வேலியில் போன ஓணானை மனுஷன் தானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். பத்து நாள் கழித்து அரசு வழக்கறிஞர் பத்திரிகைக்காரர்களிடம் பேசினார்: ஓட்டுநர் பதினாறு வினாடியும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், பார்த்துக்கொண்டே பிரேக்கைத் தொடாமல் போயிருக்கிறார், இதற்குப் பெயர் விபத்தா? சாலை வேலை நடக்கிற இடத்தில் தொழிலாளி இறந்தால் அங்கே பதினைந்து வருடம் வரை உள்ளே போடலாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லொரேன் அதைப் படித்தாள். பாதி தின்ற ரொட்டியை மூடி வைத்துவிட்டாள். காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மாரிபெத்துக்கும் டெஸ்மண்டுக்கும் தெரியும், ஆனால் அவர்கள் மறந்திருப்பார்கள்.

மூன்று வருடம் முன்பு, இந்தத் திரைக் கார் முதன்முதலாக வந்தபோது, ஏழாம் எண் என்று ஒரு பொத்தான் இருந்தது. படம். அதாவது சாலையைப் பார்க்காமல், முன்கண்ணாடியில் தெரிகிற அம்பைப் பார்க்கிற பார்வை. அந்தப் பொத்தான் அவர்கள் உயிரை எடுத்தது. அம்பு சாலை மேலேயே கிடக்கிறது. கண் அந்தத் திசையில் இருக்கிறது. மனுஷன் அம்பைப் பார்க்கிறானா, அதற்குப் பின்னால் இருக்கிற தாரைப் பார்க்கிறானா? லொரேன் ஏழு என்றால் டெஸ்மண்ட் ஒன்று என்பான். நூற்றுக்கு அறுபத்தொன்றுதான் ஒத்துப்போயிற்று. தொண்ணூறுக்குக் கீழே போனால் அறிக்கை செல்லாது. கார் நிறுவனம் வாரா வாரம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாரிபெத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வழி சொன்னவள் லொரேன்தான். "ரெண்டும் ஒரே திசைதானே? கண்ணு ரோட்டுப் பக்கம் இருக்கா இல்லையா? இருக்கு. ஒண்ணுன்னே போட்டுடலாம். ஏழைத் தூக்கிடுங்க."

தூக்கினார்கள். தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. மாரிபெத் கேக் வாங்கி வந்து எல்லார் முன்னாலும் கை தட்டினாள். குறிப்பு விதிப் புத்தகத்தில் அந்த விதிக்குக் கீழே லொரேன் பெயரே அச்சானது. அம்மாவிடம்கூடப் போனில் சொல்லிப் பெருமைப்பட்டாள். நானூறு ஓட்டுநர்களின் கண்ணை அந்த விதிப்படி குறித்து, திரைக் காரை ஓட்டுகிறவர்கள் சாலையை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை என்று மூன்று அறிக்கை எழுதினார்கள். அந்தக் கார் இந்த இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு வருகிறது.

வழக்கறிஞர் பேச்சைப் படித்த மறுநாளிலிருந்து அவள் வேறு வேலை எதையும் தொடவில்லை. ராய்ஸ் ஓட்டிய முதல் வாரத்தை எடுத்தாள். முதல் வாரம் திரையை அணைத்து வைத்திருப்பார்கள். அதே சாலை, அதே நேரம். மனுஷனின் கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. தபால் பெட்டி, நாய், எதிரே வரும் லாரி, வேலிக்குள் நிற்கும் குதிரை, மறுபடி சாலை. ஊர் வம்பையெல்லாம் கண்ணாலேயே விசாரித்துக்கொண்டு போகிறார். இரண்டாம் வாரம் திரையைப் போட்டார்கள். கண்ணின் ஓட்டம் குறைந்தது. ஐந்தாம் வாரத்தில் கண் ஆணி அடித்ததுபோல் ஒரே இடத்தில். விபத்து நாளில், பதினாறு வினாடியும், அம்பின் முனை இருந்த இடத்தில் அப்படியே. நடுச்சாலையில் ஓர் ஆள் நின்றால் யார் கண்ணும் ஒரு தடவையாவது அங்கே தாவும். அவர் கண் தாவவே இல்லை. அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதிய காகிதங்களை எடுத்துக்கொண்டு மாரிபெத் அறைக்குப் போனாள்.

மாரிபெத் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். முட்டாள் இல்லை அவள். பார்த்து முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"இப்போ என்ன பண்ணணும்ங்கற?"

"விதி தப்புன்னு எழுதணும். என் தப்புன்னே எழுதுங்க."

"நானூறு பேர், லொரேன். மூணு அறிக்கை. எல்லாத்தையும் கிழிச்சுப் போடச் சொல்றியா? கண்ணு அசையலங்கறதால அவர் பார்க்கலன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?"

"பார்த்தார்ங்கறதை நம்மால நிரூபிக்க முடியுமா? எழுதிக் கொடுத்துட்டோமே!"

"நாம கண்ணு எந்தத் திசைன்னுதான் எழுதினோம். பார்த்தார்னு நாம சொல்லல. அது அவங்க சொன்னது." மாரிபெத் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எனக்குக் கீழே இருபத்தாறு பேர் இருக்காங்க. அவங்களை நான் தெருவில விட முடியாது. மன்னிச்சுக்கோ."

லொரேன் எல்லாவற்றையும் ராய்ஸின் வக்கீலுக்கு அனுப்பினாள். அனுப்பிய இரண்டாம் நாள் அவள் நுழைவு அட்டை ஆய்வகக் கதவைத் திறக்கவில்லை. டெஸ்மண்ட்தான் அவள் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தான்.

"காலை வணக்கம், லொரேன்," என்றான்.

வக்கீல் ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள். "உங்க காகிதம் போதும், இந்த வழக்கை நான் உடைச்சுடுவேன். ஆனா அவர் வேணாங்கறாரு. குற்றத்தை ஒத்துக்கப் போறாராம். நீங்களே ஒரு தடவை பேசிப் பார்க்கறீங்களா?"

அப்படித்தான் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக லொரேன் தான் குறித்த ஓர் ஆளின் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவள் ராய்ஸின் மனைவி நடீன். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வா, உட்காரு. நீயாவது அந்த மனுஷனுக்குப் புத்தி சொல்லு. நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு."

ராய்ஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். பழக்கத்தில், எத்தனையோ நாள் பழகியவரைப் பார்ப்பதுபோல் லொரேன் புன்னகைத்துவிட்டாள். அவர் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதுதானே நியாயம்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பொத்தான்கள், ஏழு, ஒன்று, கேக் உட்பட. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் பார்த்தேன்மா," என்றார் கடைசியில்.

"நீங்க பார்க்கல."

"பார்த்தேன். பச்சைக் கண்ணு. கையைத் தூக்கினா. நிறுத்துங்கன்னு தூக்கினா."

"முதல் நாள் போலீஸ்கிட்ட ரோடு காலியா இருந்துச்சுன்னு சொன்னீங்க. மஞ்சள் பெட்டி எதுவும் விழலன்னு சொன்னீங்க. நான் படிச்சேன்."

"அப்போ எனக்கு ஞாபகம் வரல. அப்புறம் வக்கீலம்மா உங்க தாளைக் காட்டினாங்க. பதினாறு செகண்டும் நான் ரோட்டைத்தான் பார்த்தேன்னு. கண்ணு பார்க்கறதே தொழிலா இருக்கறவங்க நீங்க, பொய்யா எழுதுவீங்க? யோசிச்சேன். யோசிக்க யோசிக்க ஞாபகம் வந்துச்சு."

லொரேன் குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்தாள். பத்திரிகையிலிருந்து வெட்டிய ஷெல்பியின் படம் அங்கே காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. பச்சைக் கண்.

"அந்தப் படத்துலேர்ந்து வந்த ஞாபகம், ராய்ஸ். நாங்க கொடுத்த ஞாபகம். தப்பா எழுதினது நான்தான்."

"அப்போ நான் எதைப் பார்த்தேன்?"

"அம்பை. அடுத்த முக்குல வலப்பக்கம் திரும்பச் சொல்லி ஒரு நீல அம்பு. பெட்டி போட வேண்டிய திரை அதை மட்டும்தான் காட்டியிருக்கு."

"அந்த ரோட்டுல நாப்பது வருஷமாப் போறேன்," என்றார். "முக்குல இருக்கறது என் மச்சினன் வீடு. எனக்கு எதுக்கும்மா அம்பு?"

லொரேன் தன் காகிதங்களை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அவற்றைத் திருப்பித் தள்ளினார்.

"அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட போய் என்னன்னு சொல்றது? உன் பொண்ணு நடுரோட்டுல நின்னா, நான் பொம்மை பார்த்துட்டு வந்து அடிச்சேன்னா? வேணாம். பார்த்துட்டுத் தப்பு பண்ணினேன்னா, மன்னிச்சுடுன்னு கேக்க ஒரு வாயாவது இருக்கும். இது என்னது? இதுல நானே இல்லையே."

"அப்போ நீ போய் ஜெயில்ல உட்காரு," என்று நடீன் கத்தினாள். "பத்து வருஷம், பதினஞ்சு வருஷம். நான் இங்க சுவத்தோட உட்கார்ந்து சாப்பிடறேன். எனக்கு யாரு பாடுவா?"

"என் பாட்டைக் கேட்டு நீதான் காதைப் பொத்திக்குவியே," என்றார் ராய்ஸ். மூன்று பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்காக மட்டும் இல்ல," என்றாள் லொரேன். "அந்தக் கார் கடைக்கு வரப்போகுது. நீங்க பார்த்தேன்னு சொல்லிட்டா திரை மேல ஒரு கேள்வியும் இருக்காது. இன்னொரு ரோட்டுல இன்னொரு பொண்ணு நிப்பா."

"அதை நீ சொல்லும்மா," என்றார் அவர். "உனக்கு அது தெரியும். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன்."

ஏப்ரல் மாதம், வியாழக்கிழமை. நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் லொரேன் உட்கார்ந்திருந்தாள். இவர் என்ன சொன்னாலும் சரி, நாளைக்கே வாஷிங்டனில் உள்ள சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். தப்பான விதியை எழுதிய கையே அதைத் தப்பு என்று எழுதினால் அவர்கள் கேட்காமல் இருக்க முடியாது. அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

குற்றத்தை ஒத்துக்கொள்கிறவர் என்ன செய்தேன் என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும், அங்கே அதுதான் முறை. நீதிபதி கேட்டார். ராய்ஸ் எழுந்து நின்றார்.

"ரோட்டைப் பார்த்துட்டுதான் வந்தேன், ஐயா. அந்தப் பொண்ணைப் பார்த்தேன். கையைத் தூக்கினா. பயப்படல அவ, நான் நிறுத்துவேன்னு நினைச்சா. நான் நிறுத்தல."

"தெளிவாகப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

நடீன் முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டாள். கார் நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஒரு வரி எழுதிக்கொண்டு, பேனாவை மூடி, சத்தமில்லாமல் எழுந்து போனார். ராய்ஸை அழைத்துப் போனார்கள். போகும்போது அவர் திரும்பி யாரையும் பார்க்கவில்லை.

வெளியே நடைக்கூடத்தில், ஆண்கள் கோட்டு ஒன்றைப் போட்டிருந்த ஒரு பெண் லொரேனை வழிமறித்தாள். ஷெல்பியின் அம்மா, டானா. கண் வீங்கியிருந்தாலும் முகம் அமைதியாக இருந்தது.

"நீங்கதானே அந்தக் கண்ணு பார்க்கறவங்க? உங்க பேரு அந்தத் தாள்ல இருந்துச்சு."

"ஆமாம்."

"இத்தனை நாளா நான் தூங்கல. அவ கத்தினாளோ, ஓடினாளோ, யாருமே பார்க்காம நாய் மாதிரி அடிபட்டுப் போயிட்டாளோன்னு. இன்னைக்கு அந்த மனுஷன் சொல்லிட்டாரு. அவ பயப்படல. கையைத் தூக்கினா. அவ அப்படித்தான். சின்னதுலேர்ந்தே அப்படித்தான் தைரியமா நிப்பா." லொரேனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது நிஜந்தானே? அவர் என் பொண்ணைப் பார்த்தாரில்ல? தண்டனை குறையணும்னு சொல்லலையே? நீங்க அவர் கண்ணைப் பார்த்திருக்கீங்க, சொல்லுங்க."

இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வேலையை இழந்தாள், மாரிபெத்தைப் பகைத்துக்கொண்டாள். டானா இவள் கையை விடவில்லை.

"பார்த்தார்," என்றாள் லொரேன்.

டானா தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பழைய கடித உறையையும் பேனாவையும் எடுத்தாள். "அவ அப்பா வரமாட்டேன்னுட்டாரு, வண்டியிலேயே உட்கார்ந்திருக்காரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. இதுல எழுதிக் கொடுங்களேன். உங்க பேரும் போடுங்க."

இதை எழுதிவிட்டால் இனி எந்த அலுவலகத்துக்கும் வேறு எதையும் எழுத முடியாது என்பது லொரேனுக்குத் தெரியும். முதல் தடவை, ஏழைத் தூக்கியபோது, தெரியாமல் செய்தாள். சுவரில் உறையை வைத்து, அவர் உங்கள் மகளைப் பார்த்தார் என்று எழுதினாள். கீழே தன் முழுப் பெயரையும் தேதியையும் போட்டுக் கொடுத்தாள்.